ஈரத் துணியும் இறந்தகாலக் கேள்வியும்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த அறிவழகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். நான் நடத்திவந்த “பிரிட்டன்: வரலாறும் வாழ்க்கையும்” என்ற தாளைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். அந்த இடத்தில் பேச்சுத்திறன் பயிற்சி வருகிறதாம். “இத்தனை வருசம் அதை எப்படி நடத்தினீக மேடம்? துறை மலருக்கு எழுதிக் குடுங்க” என்று கேட்டார். தாளை எடுத்தது சரியா தவறா என்று அவர் கேட்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான். கல்லூரியில் ஆங்கிலம் எடுத்ததற்குக் காரணம், கணக்கில் இடம் கிடைக்காததுதான். பிறகு முதுகலை, ஆசிரியர் பயிற்சி, இரண்டு தனியார் பள்ளிகள். அதன்பின் காரைக்குடிக்கு வெளியே, பிள்ளையார்பட்டி போகும் சாலையில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை. ஆங்கிலப் பட்டமும் பயிற்சியும் சேர்ந்த நான்காண்டுப் படிப்பு அங்கே இருந்தது. படித்தவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துப் பெண்கள். படித்து முடித்தால் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர்கள். மூத்தவர்கள் யாரும் கேட்டு வாங்காத தாள் என்பதால் இந்தத் தாள் எனக்கு வந்தது. இங்கிலாந்துக்கு நான் போனதில்லை. இன்றுவரை போகவில்லை.

முதல் வருடம் அரச வம்சங்களை வரிசையாக நடத்தினேன். எழுதிப் போட்டேன், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒரு நாள் துறைத் தலைவர் வேலுச்சாமி சார் அனுமதி கேட்டு உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் எதுவும் கிடையாது. வகுப்பு முடியும்வரை அசையாமல் இருந்தார். மாணவிகள் முன்னால் ஆசிரியரிடம் ஒரு சொல்லும் சொல்லமாட்டார், அது அவர் வழக்கம். வெளியே வாகனம் நிறுத்தும் கொட்டகை வரை என்னோடு நடந்து வந்து அங்கே நின்றார்.

“நீங்க என்ன பேசினீகன்னு எனக்குத் தெரியும். பிள்ளைக என்ன பேசுச்சுகன்னு சொல்லுங்க.”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

பாடக்குறிப்பு பார்ப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. பென்சிலை எடுத்துக்கொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். பிள்ளைகள் செய்யும் வேலை எங்கெல்லாம் வருகிறதோ அந்த வினைச்சொற்களின் கீழ் மட்டும் கோடு போடுவார். கேட்கிறார்கள், வரைகிறார்கள், மாற்றிச் சொல்கிறார்கள், இப்படி. ஆசிரியர் விளக்குகிறார், ஆசிரியர் கூறுகிறார் என்பவற்றைத் தொடமாட்டார். கோடு குறைவாக இருந்தால் குறிப்பு திரும்பி வரும். காரணம் எழுதியிருக்காது. கோடு இல்லாத பக்கத்தைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

அரசர்களைச் சுருக்கிக்கொண்டேன். எந்த நூற்றாண்டை எடுத்தாலும் சனங்கள் எங்கே படுத்தார்கள், எதைத் தின்றார்கள், என்ன வேலைக்குப் போனார்கள், எதனால் செத்தார்கள் என்று மாணவிகளையே கேட்கவைத்தேன். கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பதில் தெரியாவிட்டால் தேடிக்கொண்டு வரவேண்டும். தாள் மெதுவாக உயிர்பெற்றது.

சிரமம் இல்லாமலில்லை. குளிர்காய வீட்டுக்குள் நெருப்பு வளர்க்கும் பழக்கத்தைச் சித்திரை மாதத்தில், மின்சாரம் போயிருந்த ஒரு மதியம் நடத்த வேண்டியிருந்தது. சுவரில் ஒரு குழி, அதில் நெருப்பு, புகை மேலே போக ஒரு குழாய், சுற்றிலும் குடும்பம் என்று படம் போட்டேன். முகத்தைத் துப்பட்டாவால் விசிறிக்கொண்டே ஒருத்தி கேட்டாள்:

“மிஸ், வீட்டுக்குள்ள நெருப்பக் கூட்டி அதச் சுத்தி உக்காருவாகளா? வெக்கை தாங்குமா?”

வகுப்பே சிரித்தது. அன்று முழுக்கக் குளிரைப் பற்றித்தான் பேசினோம். ஊட்டிக்குப் போய்வந்த ஒரே ஒரு மாணவி முக்கியமான ஆளாகிவிட்டாள். மற்றவர்கள் அவளைக் கேள்வி கேட்டார்கள். துவைத்த துணி அங்கே எப்படிக் காயும் என்றுகூட ஒருத்தி கேட்டாள்.

இன்னொரு வருடம் நாட்டரசன்கோட்டையில் ஒரு பழைய வீட்டுக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்கார ஆச்சி முற்றத்தைச் சுற்றி இருந்த இரும்புத் தூண்களைத் தாராளமாகத் தொட்டுப்பார்க்கவிட்டார். அடியில் ஓர் ஆங்கில ஊரின் பெயர் வார்ப்பெழுத்தில் இருந்தது. “எங்க அப்பச்சி கப்பல்ல வரவழச்சது. அந்த ஊரு எங்க இருக்குன்னு யாரும் கேட்டதில்ல” என்றார் ஆச்சி. திரும்பி வரும்போது பேருந்தில் மாணவிகள், அந்தத் தூணை வார்த்த ஆளுக்கு என்ன கூலி இருந்திருக்கும், அவன் வீட்டில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். நான் தலையிடவில்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். அறிவழகனுக்கு உபயோகப்படக்கூடியது பாண்டிச்செல்வியின் விஷயம்தான் என்று நினைக்கிறேன்.

கண்டரமாணிக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர் அவளுடையது. அப்பா குத்தகைக்கு விவசாயம் பார்த்தார். மற்ற நேரத்தில் சிறிய சரக்கு வண்டி ஓட்டி மதுரைச் சந்தையிலிருந்து காய்கறி கொண்டுவந்து ஊர் ஊராக விற்றார். அம்மா வயல் வேலைக்குப் போவார். ஒரு தங்கை. அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் பாண்டிச்செல்வி. அதிகம் பேசமாட்டாள், ஆனால் கேட்ட கேள்வியை விடமாட்டாள்.

கொரோனாவின் இரண்டாவது அலையின்போது கல்லூரி மூடியிருந்தது. வகுப்பெல்லாம் கைபேசியில். பாடத்திட்டப்படி அப்போது பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவிய கொள்ளைநோய் வரவேண்டும். வேலுச்சாமி சார் அதற்குள் முதல்வராகியிருந்தார். இந்தப் பகுதியைத் தள்ளிவைக்கட்டுமா என்று கேட்டேன்.

“தள்ளி வைக்கிறதும் நடத்துறதும் உங்க இஷ்டம். ஆனா எந்தப் பிள்ளை வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியாம நடத்தாதீக. முதல்ல எல்லாருக்கும் போன் போடுங்க.”

போட்டேன். பாண்டிச்செல்வியின் எண் அணைந்திருந்தது. அவளுடைய தோழி ஒருத்தி மூலம் செய்தி கிடைத்தது. அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள், அம்மாவும் இரண்டு பெண்களும் உள்ளே இருக்கிறார்கள். அந்த ஊரில் முதலில் காய்ச்சல் கண்டவர் அவர்தான். வண்டியிலிருந்து மூட்டை இறக்கிக்கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் அடுத்து இறந்தார். அதே தெருவில் இன்னும் சிலர். ஊருக்குள் நோயைக் கொண்டுவந்தது அந்த வண்டிதான் என்று பேச்சாகிவிட்டது.

கொள்ளைநோய்ப் பகுதியை அந்தப் பருவத்தில் நான் நடத்தவில்லை. கல்லூரி திறந்த பிறகு, மற்றவற்றோடு சேர்த்து நடத்தினேன். பாண்டிச்செல்வி முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் சிறுவர் வகுப்புகளும் திறந்தன. எங்கள் மாணவிகளுக்குக் கற்பித்தல் பயிற்சி. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியைக் கேட்டு வாங்கலாம். பாண்டிச்செல்வி தன் ஊர் நடுநிலைப்பள்ளியைக் கேட்டாள், கிடைத்தது. பயிற்சி தொடங்குவதற்கு முன் அந்தப் பள்ளித் தலைமையாசிரியை கல்லூரிக்குப் போன் செய்து, வேறு பெண்ணை அனுப்பும்படி கேட்டார். பெற்றோர் சிலர் வந்து, அந்த வீட்டுப் பிள்ளை எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக் கூடாது என்று சொன்னார்களாம். பயிற்சி முடிக்காவிட்டால் பட்டம் கிடையாது.

முதல்வர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். அவளை உட்காரச் சொன்னார்.

“காரைக்குடியிலேயே ஒரு பள்ளிக்கூடம் பார்த்துத் தாரேன். நல்ல பள்ளிக்கூடம். போறியாம்மா?”

“வேணாம் சார்.”

“ஏன்?”

“நான் மாறிப் போனேன்னா அவக சொன்னது சரின்னு ஆகிரும் சார். அம்மாவ வயல் வேலைக்கும் கூப்பிடுறதில்ல. தங்கச்சி வெளாடப் போனா அவக பிள்ளைகள வீட்டுக்குள்ள கூப்பிட்டுக்கிறாக. நாங்க அந்த ஊர்லதான் இருக்கணும்.”

“வகுப்புல பிள்ளைக உன்கிட்டப் பேசலைன்னா?”

“பேசுறவரைக்கும் எடுப்பேன் சார்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தொலைபேசியை எடுத்துத் தலைமையாசிரியையின் எண்ணை அழுத்தினார்.

“டீச்சர், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளின்னு கல்வி அலுவலகத்துல இருந்து ஆணை வந்தாச்சு. அத நான் மாத்த முடியாது. வேணாங்கிறவக என்ன காரணம்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். அப்படியே மேல அனுப்பிடுறேன். ... ஆமா, பேரோட. ... இல்ல டீச்சர், வாயால சொன்னத நான் அனுப்ப முடியாதில்ல.”

குரல் ஒரு இடத்திலும் உயரவில்லை. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. குறித்த நாளில் பாண்டிச்செல்வி பள்ளிக்குப் போனாள்.

அவளுக்குக் கொடுத்தது ஏழாம் வகுப்பு. ஆரம்பத்தில் சில பிள்ளைகள் வரவில்லை, பிறகு வந்தார்கள். வந்தவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் கார்த்திகா என்ற பெண். மூட்டை இறக்கிக்கொடுத்து இறந்துபோனவரின் மகள். அவள் மேசையைப் பார்த்தபடியே இருப்பாள் என்று பாண்டிச்செல்வி எனக்குச் சொன்னாள். புகார் மாதிரிச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள்.

நான் பார்வையிட வரும் நாளுக்கு அவள் தயாரித்திருந்த பாடக்குறிப்பைக் கொண்டுவந்தாள். இலக்கணம்: இறந்தகாலக் கேள்வி வாக்கியம். அதற்கு அவள் எடுத்துக்கொண்ட கதை, நான் நடத்திய கொள்ளைநோய்ப் பகுதியிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஈம் என்றொரு மலைக்கிராமம். லண்டனில் நோய் பரவியிருந்தபோது அங்கிருந்து அந்த ஊர்த் தையற்காரர் வீட்டுக்கு ஒரு துணிப்பெட்டி வருகிறது. வேலையாள் பெட்டியைத் திறக்கிறான். துணி ஈரமாக இருக்கிறது. நெருப்பின் முன்னால் விரித்துக் காயவைக்கிறான். துணியில் இருந்த பூச்சிகள் வழியாக நோய் வெளியே வருகிறது. முதலில் அவன் சாகிறான். பிறகு ஊர். நோய் மற்ற ஊர்களுக்குப் போகாமலிருக்க ஊர்க்காரர்கள் தங்களைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். எல்லைக்கல்லில் பக்கத்து ஊர்க்காரர்கள் சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறார்கள். இதைச் சிறு வாக்கியங்களாக்கியிருந்தாள்.

“இதுதான் எடுக்கணுமா?” என்று கேட்டேன்.

“ஆமா மிஸ்.”

“அந்தக் கார்த்திகா அழுதா என்ன செய்வே?”

“கொஞ்ச நேரம் நிறுத்திக்கிருவேன்.”

“நீ அழுதா?”

அவள் பாடக்குறிப்பை என் பக்கம் நகர்த்தினாள். கையெழுத்திட மனமில்லாமல் முதல்வரிடம் கொண்டுபோனேன். நிலைமையைச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினார். பக்கத்துக்குப் பக்கம் கோடுகள் விழுந்தன. பிள்ளைகள் வாசிக்கிறார்கள். பிள்ளைகள் நடித்துக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் கேட்கிறார்கள்.

“பாடக்குறிப்பு நல்லா இருக்கு. மத்தது அந்தப் பிள்ளையோட தைரியம். அதுக்கு நம்ம மார்க் போட முடியாது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அன்று தூறல். ஏழாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் முகக்கவசம், கண்கள் மட்டும் தெரிந்தன. பாண்டிச்செல்வி ஒரு அட்டைப்பெட்டியும் நனைந்த துண்டும் கொண்டுவந்திருந்தாள். ஒரு பையன் பெட்டியைத் திறந்து, துண்டைப் பிழிந்து, நாற்காலியில் விரித்தான். வீட்டுக்குள் நெருப்பு எதற்கு என்று ஒருவன் கேட்டான். வெளியே தூறலைக் காட்டி, “இப்ப துணி காயுமா? அங்க வருசத்துல பாதி நாள் இப்படித்தான்” என்றாள். வாக்கியங்களை வாசித்தார்கள். கேள்விகளைக் கட்டத் தொடங்கினார்கள். பெட்டி எங்கிருந்து வந்தது, யார் திறந்தார்கள், துணி எப்படி இருந்தது. சரளமாகவே போனது.

அப்போது கார்த்திகா தலையைத் தூக்கினாள். தமிழில் பேசினாள்.

“அவன் எதுக்கு அதத் தெறந்தான்? அவனாலதான எல்லாரும் செத்தாக.”

பிள்ளைகள் பாண்டிச்செல்வியைப் பார்க்கவில்லை, குனிந்துகொண்டார்கள். யாரைப் பற்றிய பேச்சு என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பாண்டிச்செல்வி சாக்குக்கட்டியைக் கீழே வைத்தாள். சொன்னபடியே கொஞ்ச நேரம் நிறுத்தினாள். பிறகு,

“நல்ல கேள்வி கார்த்திகா. இங்கிலீஷ்ல கேளு” என்றாள்.

கார்த்திகா தடுமாறினாள். பக்கத்துப் பெண் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தாள். “ஒய் டிட் ஹி ஓபன் த பாக்ஸ்?”

“யாரு பதில் சொல்றீக?”

“இட் வாஸ் ஹிஸ் வொர்க் மிஸ்” என்றான் துண்டை விரித்த பையன். அது அவன் வேலை.

பாண்டிச்செல்வி தலையசைத்தாள். கார்த்திகா உட்காரவில்லை. இன்னொரு கேள்வி அவள் வாயில் உருவாகிக்கொண்டிருந்ததைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். இந்த முறை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

“டிட் ஹி நோ?”

அவனுக்குத் தெரியுமா என்பது கேள்வி. இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. பாண்டிச்செல்வி கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். கேள்வியை எழுதினாள். எழுத்து கோணியது. கீழே பதிலுக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, வகுப்பைப் பார்க்காமல் சாக்குக்கட்டியைப் பின்பக்கமாக நீட்டினாள். வாங்க யாரும் எழவில்லை. பிறகு கார்த்திகாவே வந்து வாங்கி, கோட்டின் மேல் எழுதினாள். ஹி டிட் நாட் நோ. அவனுக்குத் தெரியாது.

வகுப்பு அதை ஒருமுறை சேர்ந்து வாசித்தது. எழுதியதை வாசிப்பது வழக்கம், அதனால் வாசித்தார்கள். பாண்டிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதையில் எல்லைக்கல் வரும் இடத்துக்கு வந்தாள். மீதிக் கதை மணியடிப்பதற்குள் முடிந்தது.

பார்வைக் குறிப்பில் நான், கேள்வி வாக்கியப் பயிற்சி நன்று, கரும்பலகை எழுத்தில் கவனம் தேவை என்று எழுதினேன். அதற்குமேல் எழுத அதில் இடம் இல்லை.

இறுதித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளுக்கு நடுத்தரமான மதிப்பெண்தான் போட்டார். உச்சரிப்பு போதாதென்றார், அது உண்மைதான். அவள் தேர்ச்சி பெற்றாள். இப்போது திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறாள்.

பயிற்சியின் கடைசி நாள் மறுபடி அந்த ஊருக்குப் போயிருந்தேன். மழை விட்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் பாண்டிச்செல்வி என்னோடு நின்றாள். சாலைக்கு அந்தப் புறம் வயலிலிருந்து ஏறி வந்த ஒரு பெண், எங்களைத் தாண்டிப் போகப் பார்த்து, நின்றார். காலில் சேறு. கார்த்திகாவின் அம்மா என்று பாண்டிச்செல்வி தாழ்ந்த குரலில் சொன்னாள். கணவர் இறந்த நாளிலிருந்து பாண்டிச்செல்வி வீட்டோடு ஒரு வார்த்தை பேசாதவர்.

அவர் என்னிடம்தான் கேட்டார்.

“நீங்கதான் இந்தப் பிள்ளைக்குப் படிச்சுக் குடுத்த டீச்சரா?”

“ஆமாம்மா.”

“அந்தத் துணியக் காயப்போட்ட ஆளு கதைய எம்மக வீட்டுல வந்து சொன்னா. அவனுக்குப் பொண்டாட்டி பிள்ளை இருந்துச்சா?”

“அவரு குடும்பத்தப் பத்தித் தெளிவாத் தெரியலம்மா. அவரு தங்கியிருந்த வீட்டுல ஒரு அம்மா, ரெண்டு பையனுக. பையனுக ரெண்டு பேரும் போயிட்டாக. அந்த அம்மா மட்டும் பிழைச்சாக.”

“பெறகு எங்குட்டுப் போனாளாம்?”

“எங்கயும் போகல. அந்த ஊர்லயேதான் இருந்தாக.”

என் பேருந்து வளைவில் திரும்புவது தெரிந்தது. நான் பையை எடுத்தேன். அவர் பாண்டிச்செல்வி பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையிலிருந்த குடையைப் பார்த்துச் சொன்னார்.

“நாளைக்குத் தெக்கு வயல்ல களையெடுக்குறோம். ஆளு பத்தல. ஒங்க அம்மாவ வரச் சொல்லு.”

“சொல்றேன் சின்னம்மா.”

அவர் நடந்தார். சிறிது தூரம் போனவர் நின்று, திரும்பாமலே சொன்னார்.

“வெள்ளனமே வரச் சொல்லு. பொறவு வெயிலு ஏறிரும்.”